நல்லதையும் எழுதி வைத்தவர்: முன்ஷி அப்துல்லா



கடந்த ஆண்டு நமது சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உதவியாகச் சென்று வந்தோம். அங்கே பத்து வயதுப் பையன் ஒருவன் வாசிக்கத் திணறுவான். எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் நான்கு இடத்தில் அவனைத் திருத்துவோம். மூன்று மாதம் வந்தான், பிறகு வரவில்லை. அவனுடைய உம்மா நமது கடைக்கு வந்தபோது காரணம் கேட்டோம். தனக்குத் தமிழ் வரவே வராது என்று அவனே முடிவு செய்துவிட்டானாம்.

அன்றிரவு வகுப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். முதல் வாரம் அவனால் ஒரு வரியைக்கூட முடிக்க இயலவில்லை. கடைசியாக வந்த வாரம் அரைப் பக்கம் வாசித்திருக்கிறான். அவன் முன்னேறித்தான் இருக்கிறான். ஆனால் அவன் கண்ணில் பட்டதெல்லாம் நாம் சிவப்பு மையில் போட்ட திருத்தங்கள்தாம். அரைப் பக்கம் வாசித்தாய் என்று அவனிடம் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. வணிகம் செய்கிறவர்களுக்கு இது வெட்கமான செய்தி. கடனை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் விட்ட கணக்குப் புத்தகம் போலாகிவிட்டது நம் வேலை.

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வந்தபோது அந்தப் பையனின் நினைவுதான் முதலில் எழுந்தது. கூடவே சங்க நூலக அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த ஒரு புத்தகமும் நினைவுக்கு வந்தது. அது முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மலாக்காவுக்குப் போனவர்கள் ஜாலான் முன்ஷி அப்துல்லாவைக் கடந்துதான் வந்திருப்பார்கள். சிங்கப்பூரிலும் அவர் பெயரில் சாலை உண்டு. 2019 இல் இருநூறாம் ஆண்டு நிறைவின்போது சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கும் சிலை வைத்தார்கள். இருந்தும் அவர் நாகூர் வழி வந்தவர் என்பதும், சிறுவயதில் தமிழ் படித்தவர் என்பதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தம்மை வளர்த்துக்கொள்ளும் பாதையில் மனம் தளராமல் இருக்க அவர் கைக்கொண்ட வழியும் தெரியாது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நாகூரிலிருந்து மலாக்காவுக்கு

அப்துல்லாவின் முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர். கப்பலேறி நாகூருக்கு வந்து, அங்கேயே தமிழ்ப் பெண்ணை மணந்து குடும்பமானார். அவருடைய ஆண்மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹிம் மலாக்காவுக்கு வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகள் பெரி ஆச்சியை மணந்தார். இந்தப் பெயர்களைப் படிக்கும்போது நம் வீட்டு மூத்தவர்களின் பெயர்களைக் கேட்பது போலவே இருக்கிறது. இவர்களின் மகன் அப்துல் காதிர்தான் அப்துல்லாவின் வாப்பா.

அப்துல் காதிர் வணிகர். மலாக்காவின் உட்பகுதிக் கிராமங்களுக்குச் சரக்கு கொண்டுபோய் விற்பார். போன இடத்தில் மக்களுக்கு மார்க்கமும் சொல்லிக் கொடுப்பார். பல மொழி அறிந்தவர். மலாய் அகராதி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மார்ஸ்டெனுக்கு இவரே மலாய் கற்பித்ததாக அப்துல்லா குறிப்பிடுகிறார்.

அப்துல்லா 1796 இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். உம்மா சலாமா அழுதழுது உருகினார். அப்போது மலாக்காவில் இருந்த அன்போடு மதிக்கப்பட்ட அரபுப் பெரியவர்களில் ஒருவரான ஹபீப் அப்துல்லா, அந்தத் தாயைப் பொறுமையாக இருக்கும்படி ஆறுதல் சொன்னார். மீண்டும் ஓர் ஆண் குழந்தை பிறக்கும், அதற்குத் தம் பெயரையே வைக்கும்படி கூறினார். அப்படியே பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயர் வந்தது.

குழந்தையும் நோஞ்சான்தான். பல தாய்மார்களிடம் பால் குடித்து வளர்ந்தது. இது பிழைக்குமா என்று ஊரே கவலைப்பட்ட பிள்ளை. பிற்காலத்தில் அப்துல்லா தம் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, தம்மைத் தூக்கி வளர்த்தவர்களின் உபகாரத்தை மறக்காமல் முதலிலேயே எழுதினார். தம் நோயைப் பற்றி எழுதும்போதே தமக்குக் கிடைத்த அன்பையும் சேர்த்து எழுதும் வழக்கத்தைப் புத்தகம் முழுவதும் காணலாம்.

ஓதும் பள்ளியும் பிரம்பும்

அப்துல்லாவின் பாட்டியார் கம்போங் பாலியில் குர்ஆன் ஓதும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக இருநூறு பிள்ளைகள் அங்கே ஓதினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி இத்தனை பெரிய பள்ளியை நடத்தியிருக்கிறார் என்பதை நம் மகளிர் அணியினர் கவனிக்க வேண்டும். பாட்டியின் செல்லப் பேரனாக இருந்ததால் அப்துல்லாவுக்கு அங்கே அடி விழவில்லை. படிப்பும் வேகமாக ஏறவில்லை. வாப்பாவின் கைக்கு வந்தபின் நிலைமை மாறியது.

அக்கால ஓதும் பள்ளிகளில் கொடுக்கப்பட்ட தண்டனைகளை அப்துல்லா ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார். படிக்கும்போது நமக்கே உடம்பு கூசுகிறது. வாப்பாவும் கண்டிப்பானவர். எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினால் பிழைகளைத்தான் பார்ப்பார். ஒரு நல்ல சொல் அவர் வாயிலிருந்து வராது. இந்த மனிதருக்கு நம்மேல் பாசமே இல்லையோ என்று அந்தச் சிறுவன் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தான்.

சுவருக்கு அப்பால் கேட்டது

அப்படிப்பட்ட நாளில் ஒருநாள், கப்பல் நாக்குதா ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடன் வாங்குவதற்குப் பத்திரம் எழுதவேண்டும். எழுதித் தரும் அப்துல் காதிர் வீட்டில் இல்லை. நாக்குதாவுக்கோ அவசரம். நான் எழுதித் தரட்டுமா என்று சிறுவன் அப்துல்லா கேட்டான். நாக்குதா சம்மதித்தார். வாப்பா எழுதும் முறையைப் பலமுறை பார்த்துப் பழகிய கண். பத்திரம் சரியாக அமைந்தது. நாக்குதா கூலியாக ஒரு வெள்ளியும் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாப்பா வந்துவிட்டார். நாக்குதா பிள்ளையைப் புகழ்ந்தார். வாப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. கடிந்தே பேசினார். சிறுவனுக்கு மனம் சுருங்கிவிட்டது.

அன்றிரவு வாப்பாவும் உம்மாவும் பேசிக்கொண்டிருந்தது சுவருக்கு அப்பால் இருந்த அவன் காதில் விழுந்தது. மகன் பத்திரம் எழுதிய செய்தியை வாப்பா ஆனந்தம் பொங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றுதான் நமக்குப் பிள்ளை பிறந்தது போலிருக்கிறது என்ற அளவுக்கு அவருக்குச் சந்தோஷம். நேரில் புகழ்ந்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்ற பயத்தால்தான் பகலில் அதை மறைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு அதுவரை பட்ட அடியெல்லாம் வேறு பொருளில் தெரிந்தது. தம்மை வெறுத்ததால் அல்ல, தம்மை ஆளாக்கவே இத்தனை கண்டிப்பு என்று புரிந்துகொண்டான். படிப்பில் அவனுக்குப் புதிய ஊக்கம் பிறந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். காரணம் உண்டு. நாம் டிப்ளமா முடித்தபின் கூடப் படித்தவர்கள் பலர் பல்கலைக்கழகம் போனார்கள். நாம் வாப்பாவின் கடைக்கு வந்தோம். பத்தாண்டுக் காலம் கல்லாவில் உட்கார்ந்து, தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு சரக்குக் கணக்கு எழுதியிருக்கிறோம். வாப்பா ஒருநாளும் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. அவர் காலமாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த அவருடைய நண்பர் ஒருவர், எங்கள் கடையைக் கணினிக் கணக்குக்கு மாற்றிய கதையை நமக்கே சொன்னார். தேநீர்க் கடையில் வாப்பா அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

அப்துல்லா அதைச் சிறுவயதிலேயே, வாப்பா இருக்கும்போதே, தற்செயலாகக் கேட்டுவிட்டார். அது அவருடைய பாக்கியம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மெல்லிய சுவர் வாய்ப்பதில்லை.

கிடைத்த இடமெல்லாம் பள்ளிக்கூடம்

மலாக்காவில் அந்நாளில் தமிழ் வணிகர்கள் செழிப்பாக இருந்தார்கள். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்காகவும் பேச்சுவழக்குக்காகவும் தமிழ் படிப்பது ஊர் வழக்கம். அதன்படி அப்துல்லாவை வாப்பா தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டு படித்தார்.

பிறகு மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களில் முஸ்லிம்கள் பலர். அவர்களுக்கு ஓதிக் கொடுத்தும் எழுதிக் கொடுத்தும் வந்தார். பதிலுக்கு அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். மொழி ஆசிரியர் என்று பொருள்படும் முன்ஷி என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் அந்தச் சிப்பாய்களே. எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டமில்லை. சாதாரணப் போர்வீரர்கள் பாசத்தோடு அழைத்தது. இருநூறு ஆண்டு கழித்தும் சாலைப் பலகையில் அந்தப் பெயர்தான் நிற்கிறது.

அடுத்து மலாய். வீட்டிலும் வெளியிலும் பேசும் மொழியைப் படிக்க வேண்டுமா என்று ஊரார் சிரித்தார்கள். மலாய் இலக்கணம் சொல்லிக் கொடுக்கத் தனிப் பள்ளியும் அப்போது இல்லை. அப்துல்லா முதியவர்களைத் தேடிப் போனார். பழைய ஏடுகளை இரவல் வாங்கிப் படித்தார். தெரியாத சொல்லைக் கேட்கக் கூச்சப்படவில்லை. ஒருவர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னாலும் அவரைத் தம் ஆசிரியராகவே மதித்தார். தம் வளர்ச்சிக்கு யார் யார் காரணம் என்ற கணக்கை இப்படி அவர் கவனமாக வைத்திருந்ததால், வழியில் தனியாக நிற்கிறோம் என்ற சோர்வு அவரை அதிகம் தொடவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

எசமானர்களும் ஏச்சும்

1811 இல் ஜாவா மீது படையெடுக்க ஆங்கிலேயர் மலாக்காவில் ஆயத்தம் செய்தார்கள். அதற்காக வந்திருந்த ராஃபிள்ஸ், மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும் ஏடுகளைப் படி எடுக்கவும் எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் மிக இளையவர் அப்துல்லா. வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. அங்கே அவர் கற்றது எழுத்து வேலை மட்டுமல்ல. ஏழை பணக்காரர் எல்லாரிடமும் ராஃபிள்ஸ் பணிவாகப் பேசுவதையும், நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவதையும் கவனித்து மனத்தில் பதித்துக்கொண்டார்.

1815 இல் மில்ன் என்ற பாதிரியாரும், அவரைத் தொடர்ந்து தாம்சன் என்பவரும் மலாக்காவுக்கு வந்தார்கள். அப்துல்லா அவர்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். மெட்ஹர்ஸ்ட் என்பவரிடம் அச்சு வேலையும் பழகினார். மகன் ஆங்கிலம் படிப்பது வாப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஊரில் ஏச்சு வேறு. அப்துல்லா பாதிரி என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கிறிஸ்தவ வேதத்தை மலாயில் பெயர்க்க உதவியதைச் சொல்லி இன்றும் அவரைக் குறை கூறுபவர்கள் உண்டு.

இதை மறைத்து எழுதுவதில் நமக்கு விருப்பமில்லை. அவர் அந்த வேலையைச் செய்தார். கூலிக்காகவும் கல்விக்காகவும் செய்தார். தம் மார்க்கத்தை ஒருநாளும் விடவில்லை. மொழி விஷயத்தில் அந்தப் பாதிரிமார்களோடு அவர் கடுமையாக வாதாடியதும் உண்டு. தாம்சன் மலாய்ச் சொற்களை ஆங்கில முறையில் அடுக்கியபோது, இது மலாய் ஆகாது என்று சொல்லிப் பார்த்தார், தாம்சன் கேட்கவில்லை. அந்த மனத்தாங்கலை அப்துல்லா வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் மில்னின் மென்மையையும், பாடம் சொல்லும் பொறுமையையும் நன்றியோடு எழுதியிருக்கிறார். சமயம் வேறு, கருத்து வேறு என்பதற்காக ஒருவரிடம் கண்ட நல்ல குணத்தை அவர் கணக்கிலிருந்து அடித்துவிடவில்லை.

1819 இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் வைத்த சில மாதங்களில் அப்துல்லாவும் வந்து சேர்ந்தார். வணிகர்களுக்குக் கடிதம் எழுதியும், வெள்ளையருக்கு மலாய் கற்பித்தும் பிழைத்தார். ஃபார்க்கூவார், ராஃபிள்ஸ், கிராஃபர்ட் ஆகிய மூவரையும் நேரில் பார்த்து அவர் எழுதிய குணச்சித்திரங்கள் இன்றும் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயன்படுகின்றன. ஃபார்க்கூவாரின் பொறுமையையும் கொடைக் குணத்தையும் புகழ்கிறார். கிராஃபர்டின் முன்கோபத்தைச் சொல்கிறார். அவர் கல்விமான் என்பதையும் சொல்கிறார். ஒரு பக்கம் மட்டும் எழுதும் பழக்கம் அவரிடம் குறைவு.

இழப்புகளின் காலம்

1823 இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரை விட்டுப் போனார். வழியனுப்பிய அப்துல்லா கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பெங்கூலனிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ராஃபிள்ஸின் கப்பல் ஃபேம் கடலில் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பினார்கள். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த மலாய் ஏடுகள் சாம்பலாயின. அவற்றில் பல மலாக்காவில் அப்துல்லாவின் கண்முன்னே சேர்க்கப்பட்டவை. இனி அவை எங்கே கிடைக்கும் என்று அவர் வருந்தி எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளைத் தேடிச் சரிபார்த்து அச்சிடும் வேலையில் அவரும் பின்னாளில் பங்கு கொண்டார்.

1830 இல் சிங்கப்பூரில் பெருந்தீ. அதைப் பற்றி மலாயில் ஒரு நெடும்பாடல் இயற்றினார். 1835 இல், தம்பி முத்து என்ற தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். சிறுவயதில் இரண்டரை ஆண்டு படித்த தமிழ், நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு நூலாகப் பலன் தந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். படித்தது எப்போது உதவும் என்று படிக்கும் காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய துயரம் வீட்டில் வந்தது. அவருடைய அருமை மகள் சித்தி லைலா சிறுமியாக இருக்கும்போதே நோயுற்று இறந்துபோனாள். மனைவி ஆற்றாமையால் உருக்குலைந்தார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் உம்மாவுக்குப் பிறந்த அப்துல்லாவுக்கு அந்தத் துயரம் புதிதல்ல. மனைவியைத் தேற்றுவதற்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். உள்ளங்களுக்கு மருந்து என்ற பொருளில் தவாவுல் குலூப் என்று அதற்குப் பெயர் வைத்தார். துயரப்படாதே என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை அவர். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சில ஆண்டுகளில் அந்த மனைவியையும் இழந்தார்.

தம் கணக்கைத் தாமே எழுதினார்

1838 இல் ஆளுநரின் கடிதங்களோடு கிளந்தானுக்குக் கப்பலில் போய்வந்த பயணத்தையும் அவர் நூலாக எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்கப் பாதிரியாரான நார்த் என்பவர் அவருடைய வாழ்க்கையையே எழுதும்படி தூண்டினார். 1840 இல் தொடங்கி 1843 இல் எழுதி முடித்தார். 1849 இல் சிங்கப்பூரில் கல்லச்சில் அது வெளிவந்தது. ஹிகாயத் அப்துல்லா என்று இன்று உலகம் அறிந்த நூல் அதுதான். மலாய் இலக்கியத்தில் அரசர்களின் கதைகளும் வீரர்களின் கதைகளும் நிறைந்திருந்த காலத்தில், ஒரு சாதாரண எழுத்தர் தாம் கண்டதையும் பட்டதையும் பேச்சுநடையில் எழுதியது புதுமை.

அந்த நூலில் குறை உண்டு. மலாய் அரசர்களையும் மக்களின் பழக்கங்களையும் பல இடங்களில் சுடச்சுடக் கண்டிக்கிறார். ஆங்கிலேயரைப் புகழும்போது அளவு மீறுகிறார். அவர்களால் இந்த மண்ணுக்கு நேர்ந்த கேட்டை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்று பிற்கால மலாய் அறிஞர்கள் கூறியதில் நியாயம் இருக்கிறது. நல்லதைக் காணும் கண்ணுக்கும் ஒரு பக்கச் சாய்வு வரலாம் என்பதற்கு அவரே சான்று. அதனால் அவர் நமக்குப் பயனற்றவர் ஆகிவிடவில்லை. குறையுள்ள மனிதரும் வளரலாம் என்பதில் நமக்கு ஆறுதல்தான்.

நூலைப் படித்து முடித்தபின் நமக்கு நின்ற செய்தி இது. நாற்பத்து நான்கு வயதில், மகளையும் ராஃபிள்ஸ் போன்ற ஆதரவாளர்களையும் இழந்த நிலையில், அவர் பழையதைத் திரும்பிப் பார்த்தார். நொந்து எழுத வேண்டிய காரணங்கள் நிறைய இருந்தன. அவர் எழுதியதில் அழுகையும் உண்டு, கோபமும் உண்டு. அவற்றின் நடுவே பாலூட்டிய தாய்மார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுத்த பாட்டி, முன்ஷி என்று அழைத்த சிப்பாய், சொல்லுக்குப் பொருள் சொன்ன முதியவர், இரவில் மகிழ்ந்து பேசிய வாப்பா எல்லாரும் வரவாகப் பதிவாகியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு முந்திய ஒரு வெள்ளிக் கூலியைக்கூட அவர் மறக்கவில்லை.

கடைசிப் பயணம்

1854 இல் ஹஜ்ஜுக்காகச் சிங்கப்பூரிலிருந்து பாய்மரக் கப்பலில் புறப்பட்டார். ஐம்பத்தெட்டை நெருங்கிய வயது. கையில் வழக்கம்போல் குறிப்பேடு. குமரி முனையருகே கடல் கொந்தளித்ததையும், கப்பலில் இருந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துஆ கேட்டதையும் எழுதினார். வழியில் கண்ட துறைமுகங்களையும் மனிதர்களையும் எழுதினார். அந்தப் பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை. புனித பூமியில் காலமானார். அவர் குறிப்புகள் மட்டும் திரும்பி வந்து, ஜித்தாப் பயண நூலாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் மகன் முஹம்மது இப்ராஹிம் பின்னாளில் ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார். அவரும் தம் பயணங்களை எழுதி வைத்தார். வாப்பாவின் பழக்கம் மகனுக்கும் வந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

சங்கத்தின் ஐம்பது ஆண்டைக் கொண்டாடும் இந்நாளில் நம் குடும்பங்களுக்கு ஒரு சிறு யோசனை சொல்லி முடிக்கிறோம். நம் வீடுகளில் யாராவது ஒருவர் எதையாவது கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். பிள்ளை ஓதுகிறது. தம்பி புது வேலையில் தடுமாறுகிறார். வீட்டில் இருந்த பெண்மணி ஐம்பது வயதில் கணினி வகுப்புக்குப் போகிறார். அவர்கள் செய்யும் பிழை நம் கண்ணில் உடனே படும். அதைத் திருத்தவும் வேண்டும். அப்துல் காதிர் திருத்தியிராவிட்டால் அப்துல்லா இல்லை. ஆனால் அவர்கள் நேற்றுச் செய்ய முடியாததை இன்று செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுவோம். தலைக்கனம் வந்துவிடும் என்று அஞ்சி, நம் மகிழ்ச்சியைச் சுவருக்கு அப்பால் மட்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மாஷா அல்லாஹ் என்று ஒரு வார்த்தை நேரிலேயே சொன்னால் போதும்.

தாமே முயன்று வளர்கிறவர்களுக்கும் இது பொருந்தும். பாராட்ட ஆளில்லாத நாட்கள் நிறைய வரும். நாம் இப்போது கடைக் கணக்கு முடிந்தபின், வாரத்தில் ஒருநாள் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுகிறோம். அந்த வாரம் புதிதாகக் கற்றது ஒன்று; உதவியவர் ஒருவரின் பெயர். வியாபாரம் மந்தமான வாரங்களிலும் அந்த இரண்டு வரி காலியாக இருந்ததில்லை. ஓராண்டு ஏட்டைப் புரட்டியபோது நாம் நினைத்ததைவிட அதிக தூரம் வந்திருப்பது தெரிந்தது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தான். இப்போது ஒரு பக்கத்தை முடிக்கிறான், இரண்டு மூன்று இடத்தில் திக்கிக்கொண்டு.

நம்மையும் நம் பிள்ளைகளையும் கற்றுக்கொண்டே இருப்பவர்களாகவும், கிடைத்த நன்மையை மறவாதவர்களாகவும் வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.